கன்சிஸ்ட்ஸ் ஆஃப் எலுமிச்சம்பழம்

1. ஃபேக்ஸ் வந்த அன்று

ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபேக்ஸ் வந்த அன்று பேக்கிங் செக்சனில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். கணபதி ஏரியாவில் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனி. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே பேக்கிங் வேலை பார்த்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அதனால் வரிசையின் கடைசியில், தெர்மோகோல் அடுக்கின் மறைவில் நின்றுகொண்டேன்.

எக்ஸ்போர்ட் மேனேஜர் ஃபேக்ஸை முதலில் இங்கிலீசில் படித்தார். அது அவருக்காக. பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"நம்ம மொதல் பெட்டிக்குள்ள சிவப்புப் பொடி பூசுன, காஞ்சு கறுத்த, இன்னதுன்னு தெரியாத பழம் ஒண்ணு இருக்குதாம். அந்த ஊர்ல பழம், விதை எதையும் உள்ள உடமாட்டாங்க. லோடு மொத்தத்தையும் துறைமுகத்துலயே நிறுத்திப்போட்டாங்க. ஸ்டிக்கர்ல இல்லாத சாமான் எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்கறாங்க. யாரம்மா போட்டது?"

மேனேஜர் ஃபேக்ஸை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"செரி, மொதல் பெட்டிய மூடி டேப் ஒட்டுனது யாரு?"

"நானுங்க," என்றாள் ருக்குமணி.

"அப்ப நாளையிலிருந்து நீ வர வேண்டாம். சாயங்காலம் மொதலாளி வந்ததும் சொல்லிப்போட்டு உன் கணக்க முடிச்சுக்கலாம்."

டேப் ஒட்டியவள்தான் பழத்தையும் போட்டிருப்பாள் என்பது மேனேஜரின் முடிவு. அவர் எம்.ஏ. படித்தவர். ருக்குமணி கையிலிருந்த டேப் சுருளின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். வீட்டுக்காரர் மில் பூட்டியதிலிருந்து மீசையை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

2. ஸ்டிக்கர் பிறந்த கதை

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேனேஜரின் உழைப்பை மறைத்தது போலாகும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று இங்கிலீசில் எழுத வேண்டும். டிரம், மோட்டார், கல், தேங்காய்த் துருவி. சாமான்களை எழுத எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு வார்த்தை வர வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தையைத் தேடி அவர் ஒரு வாரம் உட்கார்ந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

முதலில் ஹேஸ் என்று எழுதினார். சின்னப் பிள்ளைகள் எழுதுவது போல இருக்கிறது என்று அடித்தார். பிறகு கன்டைன்ஸ். அது பிஸ்கட் பாக்கெட்டில் வருகிறதாம், கிரைண்டருக்குக் கவுரவம் இல்லை. துறைமுக ஏஜெண்டு போனில் இன்க்ளூட்ஸ் என்று போடச் சொன்னார். ஏஜெண்டு சொல்லி மேனேஜர் கேட்பதா?

கடைசியில் பேக்கிங் செக்சன் வாசல் வரைக்கும் வந்து எங்களுக்கே பாடம் நடத்தினார். உள்ளே வரவில்லை. தெர்மோகோல் தூசி அவருக்குத் தும்மல்.

"இங்க பாருங்கம்மா. உங்க தூக்குப்போசில சோறு, ரசம், இன்னும் என்னமோ கூட இருக்குதுன்னா இன்க்ளூட்ஸ். சோறும் ரசமும் மட்டுந்தான், வேற ஒண்ணுமே இல்லீன்னா கன்சிஸ்ட்ஸ் ஆஃப். நம்ம ஸ்டிக்கருக்கு அதுதான் கம்பீரம்."

"ஏனுங் சார், எங்கூட்டுக்காரருக்கு எந்த வார்த்தைங்க?" என்று கேட்டாள் ருக்குமணி.

"எதுக்கு?"

"அவருகிட்ட மீசை மட்டுந்தானுங்க இருக்குது. வேற ஒண்ணும் இல்லீங்க."

நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் பாடம் எங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. கன்சிஸ்ட்ஸ் ஆஃப் என்றே அச்சடித்து வந்தது.

3. முதல் பெட்டி

முதல் எக்ஸ்போர்ட் லோடு என்பதால் வெள்ளிக்கிழமை பூசை வைத்தார்கள். முதலாளி வீட்டு வழக்கப்படி, எந்தச் சரக்காக இருந்தாலும் முதல் உருப்படியை அம்மா கையால் தொட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். அம்மா என்றால் முதலாளியின் சம்சாரம். அவர் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை டிரம்முக்குள் வைத்தார். பழம் உருண்டது.

"கல்லுக்கடியில வை, உருண்டு போயிரும்," என்றார் முதலாளி.

அம்மா அப்படியே வைத்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியில் பெரிய திருநீறு. பிறகு அவரே, "மூடும்மா, நல்ல நேரம் போகுது," என்றார். ருக்குமணி மூடினாள்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்கிற ஸ்டிக்கரை மேனேஜர் தன் கையால் மேலே ஒட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

4. சாயங்காலம்

முதலாளி வந்தார். மேனேஜர் நடந்ததைச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில், ருக்குமணி ஆஸ்திரேலியாவுக்கே போய்ப் பழத்தை வைத்துவிட்டு வந்தது போல இருந்தது.

"என்னம்மணி இப்படிப் பண்ணிப்போட்டே?" என்றார் முதலாளி. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லையா, எனக்குத் தெரியாது.

ருக்குமணி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல இங்கிலீசில் நாலு வார்த்தை கிடைத்தது. யார் வைத்தது என்று சொல்லத் தமிழில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வராது என்பதால் தெர்மோகோலைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மாதானுங்க வெச்சாங்க. கல்லுக்கடியில வைக்கச் சொன்னது நீங்கதானுங்க."

அவ்வளவுதான். அதற்கே வேர்த்துக் கொட்டியது.

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஏனுங் சார், அன்னைக்கு நீங்களும் இருந்தீங்கல்லோ?"

"இருந்தேனுங்க. கண்ண மூடிச் சாமி கும்பிட்டுட்டு இருந்தேனுங்க."

"செரி. அம்மணி, நீ போய் வேலையப் பாரு. எங்கூட்டுல போய் இதச் சொல்றதுதான் எனக்குப் பெரும்பாடு," என்று முதலாளி எழுந்துவிட்டார்.

அந்த ஒரு பெட்டியை அந்த ஊர்த் துறைமுகத்திலேயே எரித்துவிட்டு மிச்சத்தை விட்டார்கள். அடுத்த லோடிலிருந்து எலுமிச்சம்பழம் லாரிச் சக்கரத்துக்கடியில் போனது. மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. இரவோடு இரவாக யோசித்து ஸ்டிக்கரில் இன்க்ளூட்ஸ் என்று மாற்றினார். இனி உள்ளே யானையே இருந்தாலும் நம்மை ஒருவரும் கேட்க முடியாது என்றார்.

ருக்குமணி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள், முதல் பெட்டியில் சாமானை அடுக்கியதும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஆபீசைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார், வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க. மூடட்டுங்களா?"

அவர் வாசலில் நின்று தலையை ஆட்டினார்.

"அங்கிருந்து தெரியாதுங்க. உள்ள வாங்க."

வந்தார். பெட்டிக்குள் தலையை விட்டார். தும்மினார். சரி என்றார். ருக்குமணி டேப்பை ஒட்டினாள். இரண்டாவது பெட்டிக்கும் கூப்பிட்டாள். மூன்றாவதுக்கும். முதலாளி ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தத் தும்மல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

புதிதாக வேலைக்குப் போகிற பெண்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுகிறவர் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அவர் உள்ளே பார்த்த பிறகு மூடுங்கள்.