பீக்கிங்கில் நான் பார்த்த தோல்பை

சீனாவுக்குப் போய் வந்தவள் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்கு எரிச்சல்தான் வரும். போனது உண்மை. எண்பத்தேழாம் ஆண்டு, பீக்கிங் நகரம், ஐந்து நாள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்கும்போதுதான் வில்லங்கம் தொடங்கும்.

அப்போது நாங்கள் பிராங்பேர்ட்டில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் கிழமையில் இரண்டு நாள் ஒரு ஜெர்மன் விதவையின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். மகளுக்கு இரண்டரை வயது. எங்களை அகதிகளாக ஏற்று நீல நிறப் பயணப் புத்தகம் தந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. போகலாம், சரி. திரும்பி வர விடுவார்கள் என்பதை மட்டும் நான் நம்பவில்லை.

அந்த விதவை தன் தங்கையோடு சீனப் பயணம் ஒன்றுக்குப் பதிந்திருந்தார். தங்கை படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். "எனக்குக் கை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தங்கையின் இடத்துக்கு நீங்கள் வாருங்கள், சும்மா ஊர் பார்க்கத்தானே" என்றார். ஊர் பார்ப்பது! பார்ப்பதற்கென்று நான் எங்கேயும் போனதில்லை. ஷெல் விழுந்தால் ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த மனுசி என்னிடம் என்ன கேட்கிறார் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரிதான். கையிலிருந்த அகப்பையோடு திரும்பிப் பார்த்தார்.

"உனக்கென்ன விசரே? உவங்கள் வெளியால விட்டுட்டுக் கதவைப் பூட்டிப்போடுவாங்கள். பேந்து பிள்ளையின்ரை முகத்தையும் பாக்க ஏலாது."

அவர் சொன்னதுதான் எனக்குள்ளும் இருந்தது. சந்தேகம் தீரட்டும் என்று கணவர் வெளிநாட்டவர் கந்தோரில் தேர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "ஓமாம், திரும்பி வரலாமாம். புத்தகத்தைத் துலைக்காமல் வைச்சிருந்தாச் சரியாம். போட்டு வாரும், பிள்ளையை நானும் அக்காவும் பாப்பம்."

அப்படியானால் எனக்கு ஒரே வேலைதான்: புத்தகத்தைத் தொலைக்கக்கூடாது. உள்பாவாடையில் ஒரு பை தைத்தேன். புத்தகத்தை அதற்குள் வைத்து இரண்டு ஊசி குத்தினேன். பறந்த நேரம் முழுவதும் ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தேன். வயிற்றுக்குச் சரியில்லையா என்று விதவை இரண்டு தரம் கேட்டார்.

பீக்கிங்கில் இறங்கியதும் வழிகாட்டி வந்தான். நல்ல ஜெர்மன் பேசும் மெலிந்த பையன். பதிவு செய்ய வேண்டும், கடைசி நாள் தருவேன் என்று சொல்லி எல்லாருடைய பயணப் புத்தகங்களையும் வாங்கி ஒரு மண்ணிறத் தோல்பைக்குள் போட்டான். ஜெர்மன்காரர்கள் பஸ் டிக்கெட்டைக் கொடுப்பதுபோல எடுத்து நீட்டினார்கள். நான் மறைவிடம் தேடிப் போய் ஊசிகளைக் கழற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாரும் எனக்காகக் காத்து நின்றார்கள்.

அவன் என் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மற்ற எல்லாருடையதும் பச்சை. உங்களுடையது நீலம். நீங்கள் எந்த நாடு?"

இலங்கை என்றேன். பிறகு ஜெர்மனி என்றேன். சொல்லும்போது இரண்டுமே பொய்போல இருந்தது. அவன் சிரித்துவிட்டுப் பையைப் பூட்டினான்.

அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்தப் பைதான். அரசர்களின் மாளிகைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல், அதைத் தாண்டினால் அதேபோல இன்னொன்று. உள்ளே போகிறோமா வெளியே வருகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. விதவை கையேட்டை வாசித்து எந்த அரசர் எங்கே இருந்தார் என்று விளக்கினார். நான் "ஆமாம், ஆமாம்" என்றுகொண்டு, பை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் வழிகாட்டி பையைப் பஸ் சாரதியிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். சாரதி அதை ஆசனத்துக்குக் கீழே காலால் தள்ளினார். வயிற்றுவலி என்று சொல்லி நான் பஸ்ஸுக்குள்ளேயே இருந்துகொண்டேன். "இவ்வளவு தூரம் வந்து பஸ்ஸைப் பார்க்கவா?" என்று விதவை கோபித்துக்கொண்டு இன்னொருவரின் கையைப் பிடித்துப் போனார். சாரதி என் சேலையைப் பார்த்தார். கண்ணாடிப் போத்தலில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றித் தந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஹிந்திப் பாட்டை முழுதாகப் பாடினார். எனக்கு ஹிந்தி தெரியாது. அதைச் சொல்லச் சீன மொழியும் தெரியாது. பையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தட்டினேன். நல்ல மனிதர். அவருடைய முகம் இன்று ஞாபகத்தில் இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாள் வழிகாட்டி சொன்னபடியே புத்தகத்தைத் தந்தான். அப்போதும் நிம்மதி வரவில்லை. கதவு பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது பிராங்பேர்ட்டில் அல்லவா தெரியும்!

அங்கே இறங்கியதும் விதவை ஜெர்மன்காரர்களின் வரிசைக்குப் போய்விட்டார். நான் மற்ற வரிசையில் தனியே நின்றேன். கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் இளம் பொலிஸ்காரன். புத்தகத்தை விரித்துச் சீன முத்திரையில் நிறுத்தினான்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

பீக்கிங்கிலிருந்து என்று சொல்ல எனக்குத் தெரியும். மூன்று வருடம் ஜெர்மன் பேசியிருக்கிறேன். ஆனால் அதே மண்டபத்தில், பிள்ளை வயிற்றில் இருக்க, இதே மாதிரி ஒரு கூட்டுக்கு முன்னால் ஏற்கனவே ஒருதரம் நின்றவள் நான். எதைக் கேட்டாலும் தஞ்சம் என்பதற்கான ஒரே ஒரு ஜெர்மன் சொல்லைச் சொல்லும்படி அன்று கூட வந்தவர்கள் பாடமாக்கித் தந்திருந்தார்கள். வாய் என்னைக் கேட்காமல் அதையே சொன்னது.

"அசூல்."

அவன் நிமிர்ந்தான். அதைச் சமாளிக்க வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "அசூல், அசூல்" என்று இன்னும் இரண்டு தரம் சொன்னேன். அக்கா சொன்னது சரி, பிள்ளையை நானாகவே தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினான். "அதைத்தான் ஏற்கனவே தந்துவிட்டோமே" என்றான். முத்திரை குத்தினான். "வீட்டுக்குப் போங்கள்."

நான் அசையவில்லை. டிராமில், கடை வாசலில், முகம் தெரியாதவர்கள் எனக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்குப் போ என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இலங்கைக்கா?" என்று கேட்டேன்.

அவனுடைய முகம் சிவந்துவிட்டது. கூட்டுக்குள் எழுந்து நின்றான். "இல்லை, இல்லை. உங்கள் வீட்டுக்கு. பிராங்பேர்ட்டில்தானே இருக்கிறீர்கள்?"

"ஓம்" என்றேன், தமிழில். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.