கேக்கோடு கவிழ்ந்த தட்டு

பழைய ஐரோப்பியப் பீங்கான் சேர்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தட்டைக் கண்டால் கை தானாக அதைத் திருப்பிவிடும். கம்பெனி முத்திரை அடியில்தானே இருக்கிறது!

இன்று விவேக் நகரில் தோழியின் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி, நீலப் பூப்போட்ட தட்டில் பிளம் கேக் கொடுத்தார். திருப்பினேன். கேக் என் மடியில்.

"ஐயோ சாரி ஆன்ட்டி, இங்கிலீஷ் தட்டான்னு பாத்தேன்."

"சொல்லியிருந்தா கழுவியே காட்டியிருப்பேனேம்மா!"

உடனே கழுவித் துடைத்து, கவிழ்த்து என் கையில் வைத்தார். மங்கிய கிரீடம், கீழே இங்கிலாந்து என்று முத்திரை. அவர் கல்யாண செட்டில் உடையாமல் மிஞ்சிய ஒரே தட்டாம். அதைப் போய் என்னிடம் மறுபடி கொடுத்தாரே!

அடுத்த கேக் ஸ்டீல் தட்டில் வந்தது. "சாப்ட்டு முடிச்சிட்டு இத எவ்ளோ வேணா திருப்பிக்கோ."

நன்றி ஆன்ட்டி.

நண்பர்களே, உங்கள் வீட்டுக்கும் சாப்பிட வரலாமா? ஸ்டீல் தட்டே போதும்.