என் பெண்சாதி ஓட்டும் சாமான் கோச்சி

என் பெண்சாதி என்னைவிட நன்றாகச் சாமான் கோச்சி ஓட்டுவாள். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

கோச்சி என்றால் ரயில், அதுவும் கம்ப்யூட்டரில் ஓட்டும் ரயில். எங்கள் செட்டிபாளையத்தில் தண்டவாளமே கிடையாது. கொழும்பிலிருந்து வரும் கோச்சி மட்டக்களப்பு நகரத்தோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே வருகிறவன் பஸ்ஸில் வரவேண்டியதுதான். அதனாலோ என்னவோ, கோச்சி விளையாட்டு என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கிறவன் ஒருநாள் வந்து ஓட்டிப் பார்க்கட்டும்.

இது பொத்தானை அமத்தினால் ஓடுகிற கோச்சி இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பாரம் இருக்கிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் கொழுக்கி, கொழுக்கியில் கொஞ்சம் இளக்கம். ஒரு கொழுக்கியின் இளக்கம் கையளவுதான். நீளமான கோச்சியில் அவ்வளவும் ஒன்றுசேர்ந்தால், எஞ்சின் புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும், கடைசிப் பெட்டி இன்னும் அசையாமல் நிற்கும். அவசரப்பட்டு இழுத்தால் பின்பெட்டிகள் வெடுக்கென்று இழுபட்டு நடுவில் எங்காவது கொழுக்கி அறும். பிரேக்கும் அப்படித்தான். காற்றால் பிடிக்கும் பிரேக் அது. முன்னுக்குப் பிடித்தால் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். விட்டாலும் உடனே விடாது. முன்பெட்டி நிற்கப் பார்க்கும், பின்பெட்டி வந்து முட்டும். இந்த விளையாட்டைச் செய்தவன் சும்மா செய்யவில்லை. நிஜக் கோச்சி எப்படி நடக்குமோ அப்படியே கணக்குப் போட்டுச் செய்திருக்கிறான்.

நான் வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில் பிறந்தவன். கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தேன். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வளவில் நிற்கிற தென்னை அவளுடையது. நான் ஓட்டும் ட்ராக்டர், அந்த உழவு மெசின்கூட அவளுடைய தகப்பன் விட்டுப்போனது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான். காத்தான்குடியில் பழசாக வாங்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். கோச்சி ஓட்டும் நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் கூப்பிடமாட்டாள்.

இந்த விளையாட்டை ஒன்றாக விளையாடும் தமிழாட்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. கனடா, சென்னை, வவுனியா என்று பல இடத்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து ஒரே பாதையில் ஓட்டுவார்கள். பெரிய சாமான் கோச்சியின் முன் எஞ்சினை ஓட்ட வேண்டுமென்றால் ஒரு சோதனை பாஸ் பண்ண வேண்டும். பாரம் ஏற்றிய கோச்சியை ஒரு மலையில் ஏற்றி, மறுபக்கம் இறக்கி, ஒரு கொழுக்கியும் அறாமல் நிறுத்த வேண்டும். அந்த முன் எஞ்சின்தான் எனக்கு வேண்டும். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஒவ்வொரு முறையும் அறுத்தேன். மலை உச்சியைத் தாண்டி இறங்கும்போது அறும். கூட்டத்தை நடத்துகிறவர் கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய மரியாதையே ஒரு குத்தல்.

"என்ன தம்பி, திரும்பவும் அறுத்துப்போட்டீரோ?"

வவுனியாக்காரன் இன்னும் மோசம். "மட்டக்களப்பார் ஒரு கோச்சியோட வெளிக்கிட்டு ரெண்டு கோச்சியோட வந்து சேருவார். லாபம்தானே!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஹெட்செட்டைக் கழற்றி எறிவேன்.

ஒரு பின்னேரம் நான் தனியாகப் பழகிக்கொண்டிருந்தபோது பெண்சாதி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. பின்னால் நின்று பார்த்தாள். உச்சியைத் தாண்டினேன், பிடித்தேன், விட்டேன், இழுத்தேன். படார். அறுந்தது.

"இஞ்சாருங்க, என்னத்துக்கு இந்த அடி அடிக்கிறீங்க? பின்னுக்கு இரிக்கிறவன் செத்திருவான்."

"பின்னுக்கு ஒருத்தனும் இல்ல. அது சாமான் கோச்சி."

"சாமானெண்டா நோகாதாக்கும்?"

"வாய் பேசாம வந்து ஓட்டிப் பாரன்" என்று கதிரையை விட்டு எழும்பினேன். அவள் அறுக்க வேண்டும், அதைப் பார்த்து நான் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே எழும்பினேன்.

எது இழுக்கிற பிடி, எது பிரேக் என்று கேட்டாள். பிரேக் இரண்டு என்றேன். ஒன்று எஞ்சினை மட்டும் பிடிக்கும், மற்றது எல்லாப் பெட்டியையும் பிடிக்கும்.

"நீங்க எதப் பிடிச்ச?"

"எஞ்சின்ட பிரேக்க."

"அதென்ன? எல்லாத்தையும் பிடிக்கிற ஒண்டு இரிக்கக்குள்ள?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உழவு மெசினில் இழுவைப் பெட்டிக்குப் பிரேக் கிடையாது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வயல் வட்டையிலிருந்து வரும்போது மெசினைத்தான் பிடிப்போம். பெட்டி வந்து முட்டும். முட்டினதும் ஒரு இழுவை இழுத்து அதைத் தள்ளிவைப்போம். ஒரு பெட்டி என்றால் அது சரி. வளர்ந்ததிலிருந்து என் கை அதைத்தான் செய்கிறது. கோச்சியிலும் அதையே செய்திருக்கிறேன். எஞ்சினைப் பிடித்தேன், அத்தனை பெட்டியும் வந்து முட்டின, இழுத்தேன், அறுந்தது. மாதக்கணக்காக.

அவள் முதல்முறை அறுத்தாள். நான் சிரித்தேன். இரண்டாம் முறை அறுக்கவில்லை.

இழுக்கிற பிடியை மெல்லமாக ஒரு புள்ளி ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். டக், டக், டக் என்று ஒவ்வொரு கொழுக்கியாக இறுகும் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த புள்ளி. உச்சி வருவதற்கு முன்னமே இழுவையைக் குறைத்தாள். பாதிக் கோச்சி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் தொங்குகிற இடத்தில் நான் எப்போதும் அவசரப்படுவேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். பிறகு பெரிய பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பிடித்தாள். கோச்சி போய் நின்றது. ஒன்றும் அறவில்லை.

"ஆர் உனக்குச் சொல்லித் தந்த?"

"நீங்கதான்" என்றாள். "கலியாணம் முடிச்ச நாளையில இருந்து வெள்ளாமை வெட்டப் போகக்குள்ள நாங்க பொம்பிளையள் எல்லாரும் பெட்டிக்குள்ள. நீங்க மெசின்ல. நீங்க பிடிச்சா எங்கட மூக்கு முன்பலகையில இடிக்கும். மறுகா இழுத்தா முதுகு பின்பலகையில. எப்ப இடிக்கும், எப்ப இழுக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? நீங்க ஒருநாளாச்சும் பெட்டிக்குள்ள இருந்தீங்களா?"

நான் இருந்ததில்லை. சாரதி ஏன் பெட்டிக்குள் இருக்க வேண்டும்?

அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வயலுக்குப் போன நேரங்களில் அவள் ஓட்டினாள். வீட்டுக்கு வந்தால் கதிரை உயரம் மாறியிருக்கும். என் பெயரில் நுழைந்து சோதனையையும் பாஸ் பண்ணிவிட்டாள். கனடாக்காரர் என்னைப் புகழ்ந்து தள்ளினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவளே ஹெட்செட்டை வாங்கி, "அது நான்தான் அண்ணை" என்றாள். உடனே வவுனியாக்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவளுடைய தம்பி, என் மச்சான், சந்தியில் நின்று சொல்லித் திரிந்தான். "அக்கா கோச்சி ஓட்டுறா, அத்தான் கொடி காட்டுறார்." எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை. வீடும் அவளுக்கு, வளவும் அவளுக்கு. இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு மிக நீளமான கோச்சி. முன்னுக்கு அவளைப் போட்டார்கள். பின்னுக்கிருந்து தள்ளும் எஞ்சினுக்கு ஆள் வேண்டுமென்று என்னைப் போட்டார்கள். மச்சானின் லப்டொப்பை வாங்கிக்கொண்டு நான் விறாந்தையில், அவள் உள்ளே என் கதிரையில்.

மலை ஏறினோம். உச்சி வந்தது. முன்பாதி அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது. அந்த இடத்தில் நான் தள்ளுவதை நிறுத்தினால் பின்பாதியின் பாரம் முழுவதும் நடுக் கொழுக்கியில் போய்த் தொங்கும். அறும். அறுந்தால் பழி முன்னுக்கிருக்கிறவருக்குத்தான். என் விரல் பிடியின் மேல் இருந்தது. ஒரு விரலை எடுத்தால் போதும்.

ஹெட்செட்டில் அவளுடைய குரல் வந்தது. "பின்னுக்கு எப்பிடி இரிக்கி?"

நான் பிடியின் மேலிருந்த விரலைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்க, எனக்கு இஞ்ச இருந்து பின்பக்கம் ஒண்டும் தெரியாது. நீங்கதான் சொல்லணும். முட்டுதா, இழுக்குதா?"

பார்த்தேன். முட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. இவ்வளவு பாரமும் ஒரு கயிறு போல ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் ஓட்டிய எந்தக் கோச்சியும் அப்படிப் போனதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியது. ஆனால் விரலை எடுக்கவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அறுத்து அவள் தோற்றால், அவளைவிட நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று ஆகிவிடுமா? ஆகாது. எனக்கு வேண்டியது அந்த ஓட்டம்.

"சரியா இரிக்கி" என்றேன். "ஒள்ளுப்பம் பொறுத்துப் பிடி."

கொஞ்சம் பொறுத்துப் பிடித்தாள். கோச்சி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வவுனியாக்காரன்கூடத் தட்டினான். எனக்கில்லை.

அறுவடை வந்தபோது மெசின் திறப்புச் சாவியை மச்சானிடம் எறிந்தேன்.

"நீ ஓட்டு."

"நீங்க அத்தான்?"

"பெட்டிக்குள்ள."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு இடம் விட்டார்கள். அவள் பக்கத்தில் போய், மூட்டையில் முதுகைச் சாய்த்து இருந்தேன். வாய்க்கால் கட்டில் மச்சான் பிரேக் பிடித்தான். என் நெற்றி முன்பலகையில் இடித்தது. அவள் மட்டும் ஆடாமல் இருந்தாள். இடி வருவதற்கு முன்னமே அவளுடைய கை பலகையைப் பிடித்திருந்தது.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"சொல்லமாட்டன்" என்றாள்.

சொல்ல வேண்டாம். நான் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.