தோல் காய்ந்த கொட்டகை

பெரியப்பா அன்று காலை தோல் பதனிடும் டேனரியின் காயவைக்கும் கொட்டகைக்குள் புகுந்து, கம்புகளில் தொங்கிய தோல்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டார். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. வேலையாட்களுக்கு மேஸ்திரியான அவரே தோலைக் கீழே தள்ளினால் யார்தான் என்ன கேட்பது? அரை ஈரத்தில் இருந்த தோல்கள் மண்ணில் பொத்துப் பொத்தென்று விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆம்பூருக்கு எங்களை அழைத்து வந்தவர் அவர்தான். எங்களை மட்டுமா? மழை பொய்த்த ஊர்களுக்கெல்லாம் போய், "வாங்க, அங்க வேலை இருக்குது, சோறு இருக்குது" என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி வந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஊரில் கேழ்வரகுக் கூழுக்கே வழியில்லாமல் கிடந்த எங்களுக்கு ஆம்பூரில் வாரக்கூலி கிடைத்தது. அப்பா தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டினார். அம்மா தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையை இடித்தாள். பண்டிகை இல்லாத நாளில் நான் அரிசிச் சோறு தின்றது அங்கேதான். ஆள் சேரச் சேரக் கடைகள் வந்தன, வைத்தியர் வந்தார், ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. "ஆள் ஜாஸ்தியானாத்தான் ஊரு பெருசாவும்" என்று பெரியப்பா மீசையைத் தடவிக்கொள்வார்.

வந்தவர்கள் தங்குவதற்கான இடம் மட்டும் பெருகவில்லை. டேனரிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஓர் அறைக்குள் மூன்று குடும்பங்கள் இருந்தன. படுத்தால் அடுத்த குடும்பத்தின் கால் என் தலையில் இடிக்கும். ஒருவர் இருமினால் எல்லாரும் விழித்துக்கொள்வோம். தோலில் மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் கழிவு லைனை ஒட்டியே ஓடியது. அதற்கு அடுத்தாற்போல் எல்லாருக்குமான ஒரே கிணறு. ஜனங்கள் ஒதுங்கப் போன இடமும் அந்தக் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம்தான். ஆள் கம்மியாக இருந்தவரை அது யாருக்கும் உறைக்கவில்லை. தண்ணீர் முதலில் உப்புக் கரித்தது. பிறகு நாறத் தொடங்கியது. அம்மா அதைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். நாங்களும் குடித்தோம்.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. லைனின் ஒரு கோடியில் தொடங்கி அறை அறையாக எங்களை நோக்கி நகர்ந்தது. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் தம்பி பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீ கூப்ட்டன்னுதானேண்ணா வந்தோம்." தம்பியைப் புதைத்துவிட்டு வந்த பெரியப்பா உள்ளே நுழையாமல், எங்கள் லைனையும் மேட்டில் இருந்த கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தபடி வெளியிலேயே நின்றார்.

மறுநாள்தான் தோல்களை இழுத்துப் போட்டார். "சட்டிபானைய எடுத்துக்கினு எல்லாரும் மேல வாங்க. அந்தக் கெணத்துத் தண்ணிய ஒருத்தரும் தொடக்கூடாது" என்று லைன் நெடுகச் சத்தம் போட்டார். கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் கிடையாது. குடும்பத்துக்குக் குடும்பம் இடம் விட்டுப் படுத்தோம். ஆம்பூருக்கு வந்த பிறகு நான் கையைக் காலை நீட்டிப் படுத்தது அன்றைக்குத்தான்.

முதலாளி வண்டியில் வந்து இறங்கினார். "இன்னா மேஸ்திரி இது? மதராசுக்குப் போற சரக்கு! என்னைப் பேஜார் பண்றியா?"

"தோலுக்குக் காத்து வேணும்னு இம்மாம் பெரிய கொட்டா கட்னீங்க சாயபு. இவங்களுக்கு வேணாமா? நான்தான் இவங்களக் கூட்டியாந்தேன். என்னை வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கிடுங்க. இவங்களத் திரும்ப அந்த ரூமுக்கு அனுப்பாதீங்க."

முதலாளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, படுத்திருந்தவர்களைப் பார்த்தபடி சிறிது தூரம் நடந்தார். அம்மாவும் அப்போது நோய் கண்டு, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அவளருகே கொஞ்சம் நின்றவர், வண்டியேறிப் போய்விட்டார். மத்தியானம் அவருடைய தோட்டத்துக் கிணற்றிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வந்து இறங்கியது. அம்மா பிழைத்தாள். நோய் மெல்ல அடங்கியது.

மழைக்கு முன்னால் தோல் காய வேண்டும் என்றார்கள், லைனுக்கே திரும்பினோம். முதலாளி புதிதாகச் சில அறைகள் கட்டினார், தள்ளி வேறொரு கிணறும் வெட்டினார். அந்த அறைகளும் சீக்கிரமே நிரம்பின. இன்னும் ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது, "இனிமே என் வாயால யாரையும் வாங்கன்னு கூப்ட மாட்டேன் சாயபு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா வேலையை விட்டார். ஆலங்காயம் பக்கம் மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலத்தை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குப் பிடித்து உழப் போனார்.

நான் வாழ்க்கைப்பட்டது வாணியம்பாடியில். எங்கள் பிழைப்பும் டேனரியில்தான். என் மகன் எழுதப் படிக்கக் கற்றது இந்த ஊரில்தான். அவன் நெஞ்சுச் சளி ஆறாமல் இருப்பதும் இந்த ஊரில்தான். வாய்க்காலோரம் டேனரிக் கழிவின் வெள்ளைப் பொருக்கு ஏறிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். இந்த ஊரை வாழ்த்துவதா வைவதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் மனம் இருப்புக்கொள்வதில்லை.

போன மாதம் பிள்ளைகளோடு பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். தளர்ந்துவிட்டார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஒரு ரூம்ல எத்தினி பேரும்மா?" என்றார். நான் சொல்வதற்குள் மகன் முந்திக்கொண்டான்: "இன்னொரு வூட்டுக்காரங்களும் எங்க ரூம்லதான் படுக்கறாங்க, தாத்தா."

பெரியப்பா என்னையே பார்த்தார். "இங்கியே இருந்துடேம்மா. காத்து இருக்குது. நல்ல தண்ணி இருக்குது."

"வேலை எங்க பெரியப்பா இருக்குது? இவனுக்குப் பள்ளிக்கூடம்?"

அவர் எழுந்துபோய் ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, உடையாதபடி வைக்கோல் சுற்றி, எங்கள் வண்டியில் ஏற்றிவைத்தார். வாணியம்பாடி வருவதற்குள் பிள்ளைகள் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.