முத்திருளன் கை

என் புருஷன் பேர் முத்திருளன். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது சொன்னால் யார் கோபிக்கப்போகிறார்கள்?

செல்லூர்ச் சாயப்பட்டறையில் வேலை. பன்னிரண்டு வயதில் தொட்டிக்குள் கையை விட்டவர். முழங்கை வரை நீலம். அந்தக் கையால் சோறு பிசைந்தால் எனக்குக் குமட்டும். பிள்ளையைத் தூக்க வந்தால், "அந்தக் கையோட தொடாதீக" என்பேன். சிரித்துக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்.

யுத்தம் தொடங்கிய வருஷம், வக்கீல் சிவசங்கரன் வீட்டில் கேஸ் கட்டுத் தூக்க ஆள் கேட்டார்கள். வெள்ளை உடுப்பு, நிழலில் வேலை. நான்தான் அவரை இழுத்துப்போனேன்.

வக்கீல் கையைப் பார்த்தார். "காகிதமெல்லாம் நீலமாயிடுமேப்பா. கையைச் சுத்தம் பண்ணிண்டு பதினஞ்சு நாள் கழிச்சு வா."

"தொட்டிப் பக்கம் போகாம இருந்தாத் தானாப் போயிரும் புள்ள" என்றார் இவர்.

"படுத்துக் கெடக்க ஒரு சாக்கா?" என்றேன்.

புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். பித்தளை அண்டாவைத் துலக்குவதுபோல் தேய்த்தேன். முதல் நாள் கொஞ்சம் வெளுத்தது. அதுதான் வினை. காலையும் மாலையும் தேய்த்தேன். சுண்ணாம்பும் சேர்த்தேன்.

"போதும் புள்ள, எரியுது."

"எரியாம எப்பிடிப் போகும்? பல்லக் கடிச்சுக்கங்க."

"இம்புட்டுத் தேச்சா எலும்புதான் வெள்ளையா வரும்."

"வரட்டும். வக்கீலுக்கு வெள்ளைதான வேணும்?"

என் வாய் அப்படி. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் தோல் வழன்றது. பிறகு சீழ் வைத்தது. பதினைந்தாம் நாள் வாழையிலையைச் சுற்றிக் கூட்டிப்போனேன். வக்கீல் எட்ட நின்று, "என்ன வியாதிப்பா இது?" என்று கேட்டார். அதோடு அந்த வேலை போயிற்று.

பட்டறையில் கூட வேலைபார்த்த காளையண்ணன் பார்க்க வந்தார். "அடப் பாவிகளா! சும்மா இருந்தா தோலோட சாயமும் உதுந்திருக்குமே. ஏண்டா தம்பி, ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாமப் போச்சுண்ணே" என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

புண் ஆற மூன்று மாதம். அதுவரை நான் பிசைந்து ஊட்டினேன். ஆறிய தோல் இறுகிக்கொண்டது, விரல் மடங்கவில்லை. பட்டறையிலும் சேர்க்கவில்லை. ஆனையூர்ப் பக்கம் அடுத்தவர் மாட்டை மேய்த்தே காலத்தைக் கழித்தார். கேட்டவர்களிடமெல்லாம், "சாயத்துல காரம் கூடிப்போச்சு" என்றார். என் பேரைச் சொல்லவே இல்லை. சொல்லித் திட்டியிருக்கலாம்.

அவர் செத்த அன்று குளிப்பாட்டும்போது, அவர் தங்கச்சி சோணையம்மாள் அரப்புக் கிண்ணத்தை நீட்டினாள். "கையிலயும் தேச்சு விடுங்க மதினி."

"வேணாம், எரியும்."

"செத்த மனுசனுக்கு என்னத்த எரியப்போகுது?"

நான் கிண்ணத்தை வாங்கவில்லை. அந்தக் கைகளில் தண்ணீரை மட்டும் ஊற்றினேன்.