பினாங்கில் என் சர்க்கரை இருபத்திரண்டு

செவ்வாய், காலை 11.40. பட்டர்வொர்த்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் நாலேகால் மணி நேரம். இறங்கி மேம்பாலத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தால் படகுத்துறை வந்துவிடுகிறது. ஆளுக்கு இரண்டு வெள்ளி கட்டணம். மலேசியாவில் ரிங்கிட்டை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். என் தங்கை பிலோமினாவும் அவள் கணவர் ஜோசப்பும் துறையிலேயே காத்திருந்தார்கள். திருச்சியில் பிறந்த பிலோ பினாங்கு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போய் இருபத்தைந்து வருடமாகிறது. அந்தத் திருமண நாள் பூசைக்குத்தான் நான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தேன்.

"என்னக்கா இப்படி எளச்சுப் போயிட்ட?" என்றாள், கட்டிப்பிடித்த கையை எடுக்காமலே.

"அங்கே இதுக்குக் காசு கொடுத்து ஜிம்முக்குப் போறாங்க. எனக்கு இனாமா வந்திருக்கு" என்றேன். ஜோசப் சிரித்தார். பிலோ சிரிக்கவில்லை.

படகு கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுனில் சேர்த்துவிட்டது. விமான டிக்கெட்டும் பிலோ எடுத்ததுதான் என்பதை வாசகர்களிடம் மறைக்கப் போவதில்லை. அமெரிக்காவில் இருபது வருடம் குப்பை கொட்டிய அக்காவுக்கு, பினாங்கில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மனைவி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒஹாயோவில் ஒரு கிடங்கில் நான் பெட்டி கட்டுகிறேன். வாரத்துக்கு முழுநேரக் கணக்கு வந்துவிடாதபடி பார்த்துப் பார்த்து வேலை கொடுப்பார்கள். முழுநேரம் ஆனால் மருத்துவக் காப்பீடு தரவேண்டுமே. இன்சுலின் விலை இப்போது குறைந்திருக்கிறது என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இன்சுலின் வாங்கச் சீட்டு வேண்டும், சீட்டுக்கு டாக்டர் வேண்டும், டாக்டருக்குக் காப்பீடு வேண்டும், காப்பீட்டுக்கு முழுநேர வேலை வேண்டும். இந்த வட்டத்தில் நான் நாலு வருடமாகச் சுற்றுகிறேன்.

என் கைப்பையில் இரண்டு இன்சுலின் பேனாக்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது என்னோடு பெட்டி கட்டும் டெனிஸுடையது, உறை பிரிக்காதது. எங்கள் கிடங்கில் இது ஒரு பழக்கம். யாருக்குத் தீர்ந்துபோகிறதோ அவருக்கு இருப்பவர் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கொடுப்பார், பிறகு வாங்கிக்கொள்வார். யாரும் நன்றி சொல்லி நிற்பதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் டெனிஸ் தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றை என் பையில் திணித்து, "தூர தேசம் போகிறாய், ஒன்று கூடுதலாக இருக்கட்டும்" என்றாள். அப்படியானால் அவள் எதைப் போட்டுக்கொள்வாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு பேனாவில் முந்நூறு யூனிட். நாலு வருடத்துக்கு முன் கடைசியாகப் பார்த்த டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த அளவு தினம் இருபத்து நான்கு. பாதியாகப் பன்னிரண்டு போட்டால் இருபத்தொரு நாளும் என் பேனா ஒன்றிலேயே ஓடிவிடும். டெனிஸின் பேனா பிரிக்காமலே அவள் கைக்குப் போய்விடும். இதுதான் என் திட்டம். பிலோவிடம் மாத்திரைதான் சாப்பிடுகிறேன், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

புதன், மாலை 5.00. ஜெலுத்தோங்.

பிலோவின் வீடு அடுக்குமாடியில் ஐந்தாவது தளம். சன்னலில் நின்றால் கடல் ஒரு விரற்கடை தெரிகிறது. பக்கத்து வீட்டு லலிதாக்கா என்னைப் பார்க்கவென்றே குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தார்.

"அமெரிக்கால எல்லாம் டாலர்லா. நம்ம காசுக்கு நாலு மடங்கு. அக்காவுக்கு என்ன கவல?" என்றார், இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா'வைச் சேர்த்து.

"கவலையையும் நாலால பெருக்கிக்கிடணும்" என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறுக்கைக் கடித்தார். நானும் விளக்கவில்லை. அமெரிக்கா என்ற பெயருக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது, அதை உடைக்க எனக்கு வாய் வருவதில்லை. வெட்கமும்தான்.

வியாழன், பகல் 1.00. லிட்டில் இந்தியா.

துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடை. லெபோ பசார் தெருவில் கேசட் கடைக் காலத்துச் சத்தம் இன்னும் ஓயவில்லை, பூக்கடைக்காரர் மலாயிலும் தமிழிலும் ஒரே மூச்சில் விலை சொல்கிறார். ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். சோறு, கோழி, வெண்டைக்காய், மேலே நாலு வகைக் குழம்பையும் கலந்து ஊற்றிப் பதினோரு வெள்ளி ஐம்பது காசு.

சோறு வந்ததும் ஜோசப் இடுப்புப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தார். சட்டையைத் தூக்கினார், கடகடவென்று திருகினார், தொப்பையில் குத்தினார், சாப்பிட ஆரம்பித்தார். எதிர் மேசைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாப்பிள, இதை எங்கே வாங்குறீங்க?" என்றேன், ஏதோ வேடிக்கைக்குக் கேட்பதுபோல.

"கவர்மென்ட் கிளினிக்லதான். ஒரு வெள்ளி கட்டணும். ஆனா அந்தக் கியூ இருக்கே, அரை நாளு போயிரும். புக்கிட் தெங்கால எங்க ஃபேக்டரில லீவு போட்டுட்டுத்தான் போவணும். ஒரே ரோதனலா" என்றார். உண்மையிலேயே அலுத்துக்கொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அரை நாள் வரிசையைப் பற்றி அலுத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, என் பன்னிரண்டைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

சனி, காலை 6.50. தண்ணீர்மலை.

பிலோ குடும்பம் மாதா கோயில்காரர்கள். ஆனால் காலை நடைக்கு முருகன் கோயில் படிதான். ஐந்நூற்றுப் பதின்மூன்று படிகள். "சாமி யாருடையதா இருந்தா என்னக்கா, முட்டி நம்மளுடையதுதானே" என்றாள் பிலோ. இருட்டு பிரிந்து, மரங்களுக்கு மேல் குரங்குகள் எழுந்திருக்கும் நேரம். நான் முந்தின நாளெல்லாம் தண்ணீராகக் குடித்திருந்தேன், தாகம் அடங்கவில்லை. வெயில் ஊர், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருநூறு படி தாண்டியிருப்போம். கண் முன்னால் கைப்பிடிக் கம்பி இரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று, "ஆம்புலன்ஸ் கூப்புடவா?" என்று ஹேன்போனை எடுத்தார்கள்.

"வேணாம், ஆம்புலன்ஸ் வேணவே வேணாம்" என்று ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அந்தப் பெண் பயந்தே போனாள். அமெரிக்காவில் நடுத்தெருவில் விழுந்தவர்கள்கூட முதலில் சொல்வது இதைத்தான். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே பில் வரும். வலியைவிட அந்தப் பயம் முந்திக்கொள்கிறது.

ஜோசப் தன் சோதனைக் கருவியை எடுத்து என் விரலில் குத்தினார். திரையில் 22.4 என்று வந்தது.

என் உயிர் போய்விட்டது. அமெரிக்காவிலும் சரி, நம் ஊரிலும் சரி, சர்க்கரையை நூறு, இருநூறு என்று எண்ணுகிறோம். எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. இருபத்திரண்டு என்றால் பிணம். பையைத் துழாவி, இருந்த இரண்டு மிட்டாய்களையும் உரித்து வாயில் போட்டேன்.

"அக்கா, துப்புங்க" என்றார் ஜோசப். கையை ஏந்திக்கொண்டே நின்றார். "துப்புங்கக்கா. இறங்கல, ஏறிப் போயிருக்கு. இங்க கணக்கு வேற. ஏழு எட்டு இருந்தாத்தான் நல்லது. உங்க ஊரு கணக்குக்குப் பதினெட்டால பெருக்கணும்."

படியில் உட்கார்ந்தபடியே பெருக்கினேன். நானூற்று மூன்று. மிட்டாயை அவர் உள்ளங்கையிலேயே துப்பினேன்.

பிலோ என் பையை வாங்கிக் கவிழ்த்தாள். இரண்டு பேனாக்களும் படியில் உருண்டன. இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு என்னைத் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

காலை 8.30. ஒரு கிளினிக்.

ஜோசப்பின் காடியில் பத்து நிமிடம். காரை இங்கே காடி என்கிறார்கள். சீன டாக்டரம்மா ஒருவர் இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து, நல்லவேளை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அளவுக்கு இல்லை என்றார். கையில் டிரிப் ஏற்றினார்கள். தினம் எத்தனை யூனிட் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருபத்து நான்கு என்று சொல்ல வாய் திறந்தேன். பிலோ பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னிரண்டு" என்றேன். "நாலு வருடமாக."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிலோ திறந்து காட்டிய பையில் பிரிக்காத இன்சுலின் பேனா ஒன்று இருக்கிறதே, அது ஏன் என்று கேட்டார். அது என்னுடையது இல்லை என்றேன். அவர் மூன்று மாதத்துக்கு இன்சுலின் எழுதினார். இங்கே டாக்டர் எழுதிய சீட்டைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடை தேட வேண்டாம். வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணே மருந்தை எண்ணிப் பையில் போட்டு, என்னென்ன எப்போது என்று மூன்று மொழியில் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள்.

காடியில் ஏறிய பிறகுதான் பிலோ வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழம தவறாம போன் பண்ணேனேக்கா. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொன்னியே. செத்துப் போயிருந்தா எனக்கு யாரு சொல்லியிருப்பா?"

அழுதுகொண்டேதான் கேட்டாள். நானும் அழுதேன். ஜோசப் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் திரும்பாமலே டிஷ்யூப் பெட்டியை நீட்டினார்.

அடுத்த பதினாறு நாளும் பிலோ என் எதிரே உட்கார்ந்து காதால் எண்ணினாள். பேனாவைத் திருகினால் யூனிட்டுக்கு ஒரு சொடுக்குச் சத்தம் வரும். இருபத்து நாலு கேட்டால்தான் சோற்றுத் தட்டை நகர்த்துவாள். கருவியில் பதினைந்து வந்தது, பதினொன்று வந்தது, எட்டு வந்தது. பூசைக்கு அவளுடைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை சுற்றாமல் முழுப் பாட்டும் நின்றுகொண்டே பாடினேன். காலில் எரிச்சல் இல்லாமல் தூங்குவது எப்படி இருக்கும் என்பது எனக்கே மறந்து போயிருந்தது.

"இங்கேயே இருந்துடேன்கா" என்றாள் கடைசி வாரம். விசா, வேலை, கல்லூரியில் படிக்கும் மகன் என்று நான் சொல்லக்கூடிய காரணங்கள் நிறைய இருந்தன. வாயில் வந்தது வேறு.

"ஒரு பேனா திருப்பிக் கொடுக்கணும்டி" என்றேன்.

திங்கள், பகல் 12.15. திரும்பும் படகு.

பிலோவும் ஜோசப்பும் ஜார்ஜ் டவுன் துறையோடு நின்றுகொண்டார்கள். குளிர்ப்பையில் பேனாக்களை அடுக்கி ஒவ்வொன்றிலும் 'அக்கா' என்று பிலோ எழுதி ஒட்டியிருக்கிறாள். பிரிக்காத ஒன்றில் மட்டும் 'டெனிஸ்' என்று இருக்கிறது. என்னுடையதை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்யவில்லை. பொய்ச் சத்தியம் செய்ய அவளிடம் இனி முடியாது.

சாப்பாட்டு நேரம். பிலோ கட்டிக் கொடுத்த சோற்றை மடியில் வைத்துவிட்டுக் கழிப்பறை எங்கே என்று பார்த்தேன். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே பேனாவை எடுத்தேன். பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள், "இனிப்பு நீரா? எங்க வீட்டுக்காரருக்கும்தான்" என்று சர்க்கரை நோயை இந்த ஊர்ப் பெயரில் சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

திருகினேன். எண்ணுவதற்கு எதிரே யாரும் இல்லை. என் கட்டைவிரல் பன்னிரண்டில் தானாக நின்றது.

துறை இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. மஞ்சள் குடைக்குக் கீழே பிலோ கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மீதிப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக, அவளுக்குக் கேட்கும் என்பதுபோல, மெதுவாகத் திருகினேன்.