காதில் விழுந்ததை எழுதியவர்

சென்ற மாதம் ஒரு காலையில் நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். “மாமி, பிள்ளைச் சேட்டன் போயாச்சு. பேப்பர் எடுக்க எறங்கினார், படியிலேயே உட்கார்ந்தார், அவ்வளவுதான்” என்றார். “சரி” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அது போதாத பதில் என்று தோன்றியது. திரும்ப அழைத்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

மாணிக்கம் பிள்ளையை, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குபவராகவே கரமனையில் உங்களில் பலர் அறிவீர்கள். ராணுவத்தில் இருந்தவர் என்பதும் தெரியும். அங்கே அவருக்கு என்ன வேலை, என் வீட்டுக்கு ஏன் வந்துபோனார் என்பது தெரியாது. “நான் போன பொறவு எழுதணும்னா எழுதுங்கம்மா. ஆனா என்னை ரொம்ப நல்லவனாக்கிக் காட்டிராதீங்க” என்று சொல்லியிருந்தார். முயல்கிறேன்.

என் கணவர் பாலம் கட்டும் பொறியாளர். எல்லைப்புற மாநிலம் ஒன்றில் வேலை. விடுப்பில் ஊர் திரும்பப் பேருந்து நிலையத்தில் நின்றபோது, அங்கே வெடித்த குண்டில் இறந்தார். அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. பல ஆண்டுகள் கழித்து ஒரு மாலை பிள்ளை வந்தார். ஓய்வு பெற்றுக் கரமனைக்குக் குடிவந்தவர், செய்தித்தாளில் வந்த இறந்தவர்களின் பட்டியலில் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் இருந்ததை மறக்காமல், என் முகவரியைத் தேடிப் பிடித்திருந்தார். முன்பின் அறியாதவர்களை நான் உட்காரச் சொல்வதில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“அந்தக் குண்டு வச்சவனை ரெண்டு மாசம் முன்னாலயே ஒரு வீட்டுல கண்டுபிடிச்சிருந்தோம்மா. வீட்டோட தகர்க்கிறதா இருந்தது. அவன் ஃபோன் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதிக் குடுக்கிற வேலை எனக்கு. உள்ள பிள்ளைங்க இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். நிறுத்திட்டாங்க. அவன் தப்பிச்சுட்டான்.”

“மன்னிப்புக் கேக்க வந்தேளா?” என்றேன்.

“இல்லம்மா. மன்னிப்புக் கேட்டா எழுதினது தப்புன்னு ஆயிரும். அது தப்பில்ல. உங்ககிட்ட சொல்லாம இருந்தாத்தான் தப்பு.”

கதவைக் காட்டினேன். வணங்கிவிட்டுப் போனார்.

ஓராண்டு காலம் கடையிலும் பேருந்திலும் அவரைக் கண்டும் காணாதவளாக நடந்தேன். ஆனால் அவர் சொன்னதில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. என்னைப் படிப்பித்த கன்னியாஸ்திரீகள் எந்தப் பதிலையும் அப்படியே ஏற்கக் கற்றுத்தரவில்லை. ஒரு நாள் ஓட்டை கிடைத்துவிட்டதாக நினைத்து, ஆளனுப்பி அவரை வரவழைத்தேன்.

“நீங்க கேட்டது டிவியில வந்த சத்தமா இருந்திருக்கப்படாதா?”

“டிவி இல்லம்மா. ஒரு பொண்ணுக்குத் தலை வாரி விடறாங்க. சிக்கு விழுந்த தலை. அது வலிக்குதுன்னு அலறுது. இன்னொண்ணு அதைப் பாத்துச் சிரிக்குது. அந்தாளு ஃபோன்ல பேச்சை நிறுத்திட்டு, ‘மெதுவா வாரு’ன்னு சொல்றான்.”

அவரே தொடர்ந்தார். “‘நாளைக்கு இவன் பத்துப் பேரைக் கொன்னா யாருய்யா பதில் சொல்றது’ன்னு அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. நாளைக்கு அவன் செய்யறது அவன் செய்யறது. அன்னைக்குத் தகர்த்திருந்தா அது நாம செஞ்சது.”

“சாகப்போறது என் ஆத்துக்காரர்னு தெரிஞ்சிருந்தா?”

“வேற வழி பாருங்கன்னு அதிகாரி கால்ல விழுந்திருப்பேன். வீடு காலின்னு எழுதியிருக்க மாட்டேன்.”

அன்று அவரை உட்காரச் சொன்னேன்.

சங்கத்தில் நடந்த ஒரு கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கோ ஒரு பதுங்கிடத்தைத் தாக்கி அழித்ததாகச் செய்தி வந்த வாரம் அது. உடன் இருந்த பெண்களும் குழந்தைகளும் இறந்ததாக அதே செய்தியின் கடைசி வரியில் இருந்தது. லட்டு வாங்கி வைத்திருந்தீர்கள். “மாமிதான் விளக்கு கொளுத்தணும் கேட்டோ. உங்களைவிட இதுக்கு உரிமை ஆருக்கு?” என்றார் செயலாளர். கடைசி வரிசையிலிருந்து பிள்ளை எழுந்து, “அந்தப் பிள்ளைங்க பேரு வந்துதா?” என்று கேட்டார். “சேட்டன் எந்தப் பக்கமாக்கும்?” என்று ஒரு குரல். சிரிப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார்.

விளக்கின் முன் நின்று நான் சொன்னதைச் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை. “எங்காத்துக்காரர் யாருக்கும் விரோதி இல்லை. குண்டுக்குப் பக்கத்துல நின்னார், அவ்வளவுதான். இந்தக் குழந்தைகளும் பக்கத்துல இருந்தவாதான். அவா போனதுக்கு நான் விளக்கேத்தினா, இவர் போனதுக்கு அழுத அழுகைக்கு என்ன அர்த்தம்?” தீப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பேருந்து நிறுத்தம் வரை பிள்ளை கூடவே நடந்தார். நன்றி என்று ஏதும் சொல்லவில்லை. “கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேட்டுதும்மா” என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே பெரிதாக நினைக்கிறேன்.

அவர் கேட்டுக்கொண்டபடி இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் குரல்கள் அவர் காதில் விழாமலே போயிருக்கக் கூடாதா என்று சில நாட்கள் இன்றும் தோன்றும். அவரிடமே சொன்னேன். “அப்படித் தோணாட்டாதான் எனக்குப் பயம்” என்றார். என் கணவர் இறந்தபின் எனக்கு இரக்கம் காட்டியவர்கள் நிறையப் பேர். தாங்க மாட்டாள் என்று நினைக்காமல் என்னிடம் உண்மையைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அந்த மரியாதையைத்தான் அவரிடமிருந்து பெற்றதாக வைத்திருக்கிறேன். அதற்கு என் நன்றியை உரிய காலத்தில் சொல்லாதது என் குறை.

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் அவரிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. பிள்ளை வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். இந்த மாதம் அவன் அப்பாவின் திதி வந்தது. தர்ப்பணத்தின் முடிவில், கொடுக்க யாரும் இல்லாமல் போனவர்களுக்காக விடும் கடைசி நீர் ஒன்று உண்டு. அதற்குப் பெயரோ கோத்திரமோ சொல்வதில்லை. பிள்ளையின் மனைவி முன்பே போய்விட்டார், குழந்தைகள் இல்லை. அந்த இடம் வந்ததும் மகன் கையை நிறுத்தி, மந்திரம் சொல்லிவைத்த வாத்தியாரைப் பார்த்தான்.

“வாத்தியார், இதுல நான் மனசுக்குள்ள ஒருத்தரை நெனச்சுக்கலாமோ?”

“தாராளமா நெனச்சுக்கோ.”

என்னைத் திரும்பிப் பார்க்காமல், நீரை விட்டான்.